ஏற்காட்டு மண் பாதைக்கு எந்த அட்வென்ச்சர் பைக்? பார்த்ததை எழுதுங்க

காப்பித்தோட்டம்:
நாகலூர் பக்கம், மழை விட்ட கையோட எஸ்டேட் பாதை. டியூப் டயர் வண்டி. பிடிப்பு வேணும்னு பின்சக்கரத்துல காத்தை 15 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கியிருந்தாங்க. வால்வு ஒரு பக்கமா படுத்துக் கிடந்தது. அடுத்த ஏத்தத்துல ஆக்சிலேட்டரை முறுக்கினதும் வேரோட பிஞ்சு போச்சு. இன்னும் அந்த வால்வுதான் கண்ணுல நிக்குது. ரிம் மேல டயர் வழுக்கும்போது டியூபையும் இழுத்துட்டுப் போகும், வால்வு மட்டும் ஓட்டையில மாட்டிக்கும். அதுக்கு ஒட்டுப் போட முடியாது, டியூபையே மாத்தணும். ரிம் லாக் (டயரை ரிம்மோட அழுத்திப் பிடிக்கிற கிளாம்ப்) இல்லாட்டி 20-க்குக் கீழ இறக்காதீங்க. வால்வு நட்டை ரிம்மோட சேர்த்து இறுக்காம மூடிகிட்ட ஏத்தி விடுங்க. வால்வு சாயும்போதே தெரிஞ்சிடும்.

அடிவாரத்தான்:
டியூபை விடுங்க, எடையைப் பேசுங்க. கொட்டச்சேடு பக்கம் ஒரு பெரிய வண்டி சரிவுல படுத்துடுச்சு, ஹேண்டில்பார் பள்ளத்தைப் பார்த்து. ரெண்டு பேர் தூக்கியும் அசையல. படுத்த வாக்குலயே இழுத்துத் திருப்பி, சக்கரம் ரெண்டும் பள்ளத்துப் பக்கம் வந்த பிறகுதான் எழும்புச்சு. ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450 எடை 196 கிலோ, ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 4வி சுமார் 160. அந்த 36 கிலோ சேத்துலதான் தெரியும். தனியா போறவங்களுக்கு எக்ஸ்பல்ஸ்தான்.

ஐந்துரோடு:
அடிவாரத்தார் சொல்றது பாதிதான் சரி. எக்ஸ்பல்ஸுக்கு 19 குதிரைத்திறன்கூட முழுசா இல்லை, 450-க்கு 40. பின்னால ஆளும் சாமானும் ஏத்தி தொப்பூர் கணவாய்ல லாரியை முந்திப் பாருங்க, அப்புறம் எடையைப் பேசலாம். ரெண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம், கல்லு மேல உருண்டு ஏறிடும். சுசுகி வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ்ல 19தான், தார் ரோட்டு வளைவுல சுறுசுறுப்பு, பள்ளத்துல கொஞ்சம் இடிக்கும். வாரம் பூரா டவுன்ல ஓட்டி ஞாயித்துக்கிழமை மட்டும் மலையேறுறவங்களுக்கு அதுவே போதும்.

கேட்காமலே இன்னொண்ணு. உதிரி ஜல்லி இறக்கத்துல பின்பக்க ஏபிஎஸ்ஸை (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) அணைக்கிற வசதி இருக்கணும். இல்லாட்டி பிரேக்கை மிதிச்சாலும் சக்கரம் விட்டு விட்டுப் பிடிச்சு வண்டி ஓடிட்டே இருக்கும். பல வண்டியில சாவியை அணைச்சுப் போட்டா ஏபிஎஸ் தானா திரும்ப வந்துடும், ஒவ்வொரு தடவையும் பார்க்கணும். முன்பக்க ஏபிஎஸ்ஸை எப்பவும் அணைக்காதீங்க. மெயின் ரோட்டுல 20 கொண்டை ஊசி இறங்கும்போது ரெண்டாவது கியர்ல இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். பிரேக்கை மிதிச்சுட்டே வந்தா பிரேக் ஆயில் சூடாகும். பழைய ஆயில்ல ஈரம் ஏறியிருந்தா அது கொதிச்சு, பிரேக் லிவர் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பிரேக் ஆயிலை மாத்துங்க. எந்த டாட் ரக ஆயில்னு மூடியிலேயே போட்டிருக்கும்.

காப்பித்தோட்டம்:
ஏபிஎஸ் எல்லாம் சரிங்க, பஞ்சருக்கு என்ன வழி? மேல கடை தேடிட்டு இருக்க முடியாது. 21 அங்குல டியூப் ஒண்ணு, டயர் லிவர் ரெண்டு, ஆக்சில் நட்டுக்குச் சரியான ஸ்பேனர், கைப்பம்பு. அவசரத்துக்கு முன்சக்கர டியூபைப் பின்சக்கரத்துலயும் மடிப்பு விழாம திணிச்சு மெதுவா ஊர் வந்து சேரலாம். பின்சக்கர டியூப் முன்னாடி எட்டாது.