கவசத் தகடு வாங்க ஆலோசனை வேண்டும்
இலங்கையின் வடக்கே முகமாலைப் பக்கம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்த ஆட்கள் இந்தக் குழுவில் இருப்பீர்கள், உங்களிடம்தான் முதலில் கேட்கிறேன். என் பெறாமகன் பிரான்சில் இருந்து உக்ரைன் போர்முனைக்குப் படம் எடுக்கப் போகிறான். எந்த நிறுவனமும் அனுப்பவில்லை, கவசமும் சொந்தக் காசில்தான்.

விலை குறைவு என்று உருக்குத் தகட்டைப் பார்த்து வைத்திருக்கிறான். எனக்கு அது துப்புரவாகப் பிடிக்கவில்லை. துப்பாக்கிச் சன்னம் உருக்கில் பட்டுச் சிதறினால், துகள்கள் தகட்டின் மேலோடு பறந்து கழுத்து, நாடி, கையின் உட்பக்கம் எல்லாம் கிழிக்கும். மேற்பூச்சு ஒன்றிரண்டு அடிக்குத் தாங்கலாம், அப்புறம்? செராமிக் தகடு தான் உடைந்து சன்னத்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் கீழே போட்டால் வெடிப்பு விழும், பாவித்ததை வாங்கப் பயம். பொலிஎதிலீன் நல்ல லேசு, உருக்குமுனைச் சன்னத்துக்கு நம்ப முடியாது.

அதைவிட, அங்கே கூடுதலான காயம் பீரங்கிச் செல்லாலும் ட்ரோனாலும்தான். 10க்கு 12 அங்குலத் தகடு நெஞ்சை மட்டும்தான் மறைக்கும். செல் துண்டு எங்கெல்லாம் ஏறும் என்று எங்கட ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இன்னும் எத்தனை பேர் அதை உடம்பில் வைத்துக்கொண்டு திரிகிறார்கள்.

கழுத்து, விலா, அடிவயிறு மூடுகிற மென்கவசத்துக்கு (தகடில்லாத துணிக் கவசம்) கூடக் காசு போட்டு, தகட்டை முன்னும் பின்னும் மட்டும் வைப்பது சரியா? கண்ணிவெடிக் கவசத்தை 1.1 கிராம் துண்டு, விநாடிக்கு 450 மீற்றர் என்ற அளவில் சோதிப்பார்கள். பீரங்கிச் செல்லுக்கு அது காணுமா? போட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள், அடுத்த மாதம் வெளிக்கிடுகிறான்.