டைகர் டியா, டாக் டியா? வெப்சைட்டுக்குப் பெயர் வைத்த கதை

முந்திரிக் கடை, கடலூர்:
திருப்பாதிரிப்புலியூரில் கடை. சரக்கு பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. கொரியர் வியாபாரத்துக்காக வெப்சைட் போட்டபோது டொமைனுக்கு, அதாவது சைட்டின் முகவரிப் பெயருக்கு, ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. ஊர், சரக்கு, கடை மூன்றையும் ஒட்டி 'பண்ருட்டிமுந்திரிகடை' டாட் காம் என்று வாங்கிவிட்டேன். ஆங்கிலத்தில் 20 எழுத்து. விதிப்படி 63 வரை போகலாம். வாயில் நுழைய வேண்டுமே!

சென்னையிலிருந்து ஒரு அம்மா, கல்யாணத்துக்கு 15 கிலோ கேட்டார். விலை வெப்சைட்டில் இருக்கிறது என்றேன்.

"முந்திரிக்கு வர்றது டைகர் டியா, டாக் டியாப்பா?"

"டைகர் டிம்மா, பக்கத்துல ஒரு எச்."

"பண்ருட்டிக்கும் எச்சா?"

"இல்லம்மா, அதுக்கு வெறும் டி. ஒண்ணுதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நீ வாட்ஸப்புலயே போட்டு விட்டுடுப்பா" என்றார்.

அன்று சாயங்காலம் கடைக்கு வந்த ஆறு பேரிடம் பெயரை ஒரு தடவை சொல்லி, துண்டுச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். ஐந்து விதமாக எழுதினார்கள். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. நம் 'த'வை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரிதான் எழுதுகிறோம். 'ழ' வந்திருந்தால் இன்னும் கூத்தாகியிருக்கும்.

கடைசியில் அப்பா பெயரைச் சுருக்கி 'நட்ஸ்' சேர்த்தேன். ஏழே எழுத்து. டாட் காமை யாரோ முன்பே எடுத்துவிட்டதால் டாட் இன் வாங்கினேன். மறுபடி அதே சீட்டுப் பரீட்சை. தப்பு செய்தது என் மகன் ஒருவன்தான். கடைசி எஸ்ஸுக்குப் பதில் இஸட் போட்டான், ஸ்டைலாம்! பழைய பெயரையும் விடவில்லை. அச்சடித்த பைகள் மூட்டையாகக் கிடக்கின்றன. அந்தப் பெயரை டைப் அடித்தாலும் புதிய பக்கத்துக்கே போகும்படி வைத்திருக்கிறேன்.

விருந்தினர் விடுதி, புதுச்சேரி:
அண்ணே, எங்களுக்கு ஊர்ப் பெயரே தகராறு. 2006-இல் பெயர் மாறியதால் முறையாக 'புதுச்சேரி' என்று வைத்தோம். பெங்களூருவிலிருந்து வருகிறவர்கள் 'பாண்டி' என்றுதான் தேடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு இன்னும் பாண்டிச்சேரிதான். போதாததற்கு 'புது'வை எழுதும்போது நடுவில் எச் போடுகிறவர்கள் வேறு. இப்போது 'பாண்டி' என்று இன்னொன்றும் வாங்கி வைத்திருக்கிறோம். இரண்டு வாடகை, ஒரு வீடு.

கருவாட்டுக் கடை, கடலூர் முதுநகர்:
நான் சுத்தமாகத் தமிழிலேயே, டாட் இந்தியா என்று வாங்கினேன். போர்டில் பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கம்ப்யூட்டர் உள்ளுக்குள் அதை 'எக்ஸ் என்' என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாற்றித்தான் வைத்துக்கொள்கிறது. காப்பி செய்து ஒருவருக்கு அனுப்பினேன், அந்தக் குப்பையே போய்ச் சேர்ந்தது. வைரஸ் என்று நினைத்து அழித்துவிட்டார்.

அதைவிடப் பெரிய அடி, அதற்கு முன்பு வைத்திருந்த டாட் காமில். சைட் செய்து கொடுத்த பையன் தன் மெயிலில் பதிந்திருந்தான். அவன் வேலையை விட்டுப் போக, ரின்யூவல் நினைவூட்டல் எதுவும் எனக்கு வரவில்லை. சைட் நின்ற பிறகுதான் தெரிந்தது. சாதாரணக் கட்டணத்தில் புதுப்பிக்கும் கெடு தாண்டிவிட்டால் மீட்க 30 நாள் தருவார்கள், ஆனால் அதற்குத் தனித் தண்டம். அந்தப் பணத்தில் ஒரு மூட்டை நெத்திலி வாங்கியிருக்கலாம்.

முந்திரிக் கடை, கடலூர்:
இதைப் படித்ததும் ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய டாட் காம் என் மச்சினன் மெயிலில் இருக்கிறது. அவனுக்கு அதன் பாஸ்வேர்டு நினைவில்லையாம்.