பாய்மரத்தைப் பிடித்து நிற்கும் கம்பிகளுக்கு என்ன பெயர்?

சுவீடன், கோத்தன்பர்க்கிலிருந்து

அன்புள்ள குழுவினருக்கு,

ஒரு சொல் கேட்டு எழுதுகிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் 1974-இல் கட்டிய ஆல்பின் வேகா வகைப் பாய்மரப் படகு ஒன்று இருக்கிறது. 8.25 மீட்டர் நீளம். பெர் புரோஹேல் வரைந்த இந்த வகையில் 1979 வரை சுமார் 3,450 படகுகள் கட்டினார்கள். வாங்கும்போது ஒரு பழைய காரின் விலைதான். அதன் பிறகுதான் காசும் சனி ஞாயிறும் கரைகின்றன. அக்டோபரில் படகைக் கரையேற்றிப் பாய்மரத்தை இறக்கிக் கிடத்துவேன். ஏப்ரல் வரை ஒவ்வொரு பாகமாகப் பார்ப்பேன். எதை எதைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியலைச் சில வருடங்களாகத் தமிழில் எழுதி வருகிறேன். வீட்டில் பிள்ளைகள் தமிழ் படிக்க வேண்டும் என்பது ஒரு காரணம். தமிழில் எழுதிப் பார்த்தால்தான் ஒன்று எனக்கு முழுசாகப் புரிகிறது என்பது இன்னொன்று.

பாதிக்கு மேல் தடையில்லை. சுக்கான், நங்கூரம், படகின் முன்பகுதிக்கு அணியம், அடிமரத்துக்கு ஏரா எல்லாம் நம்மிடமே இருக்கின்றன. பாயை மேலே ஏற்றும் கயிறு ஆஞ்சான். பாயின் கீழ்முனையைப் பிடித்துக் காற்றுக்கு ஏற்ப இழுக்கவும் விடவும் உதவும் கயிறு தாமான். பலகை இடுக்குகளை அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர் இருக்கிறது. என் படகு கண்ணாடியிழை என்பதால் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும் பாக்கியம் எனக்கு இல்லை.

நான் தட்டுக்கெட்டு நிற்பது ஆங்கிலத்தில் ‘ஸ்டாண்டிங் ரிக்கிங்’ என்பதற்கு. என் படகில் பாய்மரம் மேல்தளத்தின் மீது சும்மா வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பிடித்து நிறுத்துவது எட்டுக் கம்பிகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரு பக்கமும் மும்மூன்று. எல்லாம் எவர்சில்வர் கம்பி, 5 மில்லிமீட்டர் கனம். நடுவில் ஒரு இழை, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12 என 19 இழைகள் முறுக்கியது. ஒரு கம்பி அறுவதற்கு ஏறத்தாழ 2 டன் இழுப்பு வேண்டும். கேட்கத் தெம்பாக இருக்கும். ஆனால் இது நடுவில் அறுவது அரிது. அறுவது முனையில்.

முனையில் கம்பியை ஒரு குழாய்க்குள் நுழைத்து, பெரும் அழுத்தம் கொடுத்து நசுக்கிப் பிடிக்க வைத்திருப்பார்கள். அந்தக் குழாய்க்குள் உப்புநீர் இறங்கித் தங்கும். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பது மேலே படரும் குரோமியம் ஆக்சைடு என்ற மெல்லிய தோலால். அந்தத் தோல் கீறினால் மறுபடி வளர ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய நீருக்குள் ஆக்சிஜன் இல்லை. வெளியே பளபளவென்று இருக்க, உள்ளே அரித்துக்கொண்டே போகும். ஒருநாள் குழாயின் மேல் முடி போல ஒரு விரிசல் கோடு தெரியும்.

நான் இதுவரை பட்டியலில் எழுதி வந்த சொல் ‘நிலைக்கயிறு’. போன குளிர்காலத்தில் அக்கா மகன் வந்திருந்தான். பொறுப்பான பையன். பட்டியலைக் கையில் கொடுத்து, நீயே பார்த்து எழுது என்றேன். ‘நிலைக்கயிறுகள்: நன்றாக உள்ளன’ என்று எழுதி வைத்திருந்தான். அவன் பார்த்தது ஆஞ்சானையும் கம்பிகளின் நடுப்பகுதியையும். கயிறு என்றால் வேறு எதைப் பார்ப்பான்? இரண்டு வாரம் கழித்து வலப்பக்கக் கீழ்க்கம்பியின் முனைக் குழாயில் நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். அவன்மீது எனக்கு வருத்தமே இல்லை. நான் கொடுத்த சொல் அவன் கண்ணை வேறு பக்கம் திருப்பிவிட்டது.

ஆகவே கேட்கிறேன். கம்பி, அதன் இரு முனை, இறுக்கும் டர்ன்பக்கிள், தளத்தைத் துளைத்துப் படகின் உடலோடு சேரும் இரும்பு, எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்டும் ஒரு சொல் வேண்டும்.

மதுரையிலிருந்து

தம்பிக்கு வணக்கம். படிக்கப் படிக்கக் கை தானாக அகராதியைத் தேடியது.

‘நிலை’ என்பதை விட வேண்டாம் என்பது என் கருத்து. நிலைத்திணை, இயங்குதிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்த மொழி இது. இதற்கு நிலைவடம், பாயை இயக்கும் கயிறுகளுக்கு (ஆங்கிலத்தில் ‘ரன்னிங் ரிக்கிங்’) இயங்குவடம் என்று வைத்தால் இணையாகவும் நிற்கும், ஆங்கிலச் சொற்களின் பொருளும் கெடாது. கயிறுதான் குறை என்றால் வடம் அந்தக் குறையைத் தீர்க்கும். தேர் வடத்தின் வலு தெரியாத தமிழர் இல்லை.

கூடுதலாக ஒரு செய்தி. மதுரைக்காஞ்சியில் மதங்கொண்ட யானைக்கு உவமையாகப் புயலில் சிக்கிய நாவாய் வருகிறது. ‘வீங்குபிணி நோன்கயிறு அரீஇ’, பாயைப் பீறி, ‘கூம்புமுதல் முருங்க’ எற்றுகிறது காற்று. இறுகக் கட்டிய வலிய கயிறு அறுகிறது, பிறகு பாய்மரம் அடியோடு முறிகிறது. நீங்கள் சொல்லும் பொருள் அந்தக் கயிறுதான் என்று படுகிறது. ‘பிணி’ இன்று நோய் என்றே பொருள்படுவதால் அதை நான் பரிந்துரைக்கவில்லை.

திருநெல்வேலியிலிருந்து

முப்பது வருடம் மின்வாரியத்தில் கம்பத்தில் ஏறி இறங்கியவன். எனக்குப் படகு தெரியாது. ஆனால் நீங்கள் விவரிப்பது அப்படியே எங்கள் ஸ்டே கம்பி. தெருமுனையிலும் லைன் திரும்பும் இடத்திலும் கம்பம் சாயாமல் இருக்க எதிர்ப்பக்கம் சரிவாக இழுத்துக் கட்டுவோம். இழுவைக் கம்பி என்றும் எழுதுவார்கள். ‘ஸ்டே கம்பியில் ஆடு மாடு கட்டாதீர்கள்’ என்று ஊர் ஊராகச் சொல்லியிருக்கிறோம். ஊர் ஜனத்துக்குத் தெரிந்த சொல் இருக்கும்போது புதிதாக எதற்கு?

இன்னொன்று. எங்களுக்கும் கம்பி நடுவில் போவதில்லை. மண்ணுக்குள் இறங்கும் கம்பியில், மண் மட்டத்தில்தான் அரிக்கும்.

டொரண்டோவிலிருந்து

வணக்கம். நான் வல்வெட்டித்துறை ஆள். எங்கட ஊரில் கட்டின அன்னபூரணி 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் வரைக்கும் ஓடிப் போய்ச் சேர்ந்தது, எங்கட மாலுமிகளோடு. அது இரண்டு பாய்மரம் கொண்ட பிரிகன்டைன். அந்த மாதிரிக் கப்பலில் பாய்மரத்தைத் தாங்கும் வடங்கள் அசையாமல்தான் நிற்கும், அதுக்கு ‘நிலை’ பொருந்தும்.

ஆனால் முக்கோணப் பாய் கட்டும் அரபுக் கலங்களை எடுத்துப் பாருங்கோ. அதில் பாய்மரத்தைத் தாங்கும் கயிறுகள் காற்று அடிக்கும் பக்கத்தில்தான் இறுக்கமாக இருக்கும். கலம் மற்றப் பக்கம் திரும்பினால் அவிழ்த்து இந்தப் பக்கம் மாற்றிக் கட்ட வேணும். வேலை அதேதான், மரத்தைத் தாங்குறது. ஆனால் அது நிலையாக நிக்கிற கயிறு இல்லை. மதுரை ஐயா சொல்லும் நிலைவடம் எங்கட கடல்களில் ஓடின கலங்களில் பாதிக்குப் பொருந்தாமல் போகும். நிக்குதா ஓடுதா என்று பார்க்காமல், என்ன வேலை செய்யுது என்று பார்த்துப் பெயர் வையுங்கோ.

கோத்தன்பர்க்கிலிருந்து

மூவருக்கும் நன்றி. இரண்டு இரவு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வல்வெட்டித்துறை அக்கா சொன்னதுதான் முடிச்சை அவிழ்த்தது. ‘நிலை’ ஆங்கிலத்தின் ‘ஸ்டாண்டிங்’ வழியாக நம்மிடம் வந்த எண்ணம். இங்கே சுவீடிஷிலும் நிற்கும் கயிறமைப்பு என்றேதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரர்களோ அதைத் தூங்குவது என்கிறார்கள், மற்றதை ஓடுவது என்கிறார்கள். அவரவர் கண்ணில் பட்டதை அவரவர் வைத்துக்கொண்டார்கள். நமக்கும் அந்த உரிமை உண்டு. என் கண்ணுக்கு அது நிற்கவும் இல்லை, தூங்கவும் இல்லை. காற்று ஏறும்போது காற்றுப் பக்கக் கம்பி விண்ணென்று இறுகும், மறுபக்கக் கம்பி தொய்யும். துறையில் கட்டிப் போட்டிருக்கும்போதுகூட மரம் அதிர்ந்துகொண்டே இருக்கும். பல வருடம் இப்படி இழுபட்டு விடுபட்டுத்தான் அது களைக்கிறது. பத்து வருடம் தாண்டிய கம்பி என்றால் காப்பீட்டுக்காரர்கள் கேள்வி கேட்பது அதனால்தான். ‘நிலை’ என்று பெயரிட்டால் இந்த உழைப்பு மறைந்துபோகிறது.

மதுரை ஐயா ஒதுக்கி வைத்ததை நான் எடுத்துக்கொள்கிறேன். ‘வீங்குபிணி’ என்ற இரண்டு சொல்லில் இந்த அமைப்பு முழுதும் இருக்கிறது. இறுக்கம் இருக்கிறது, கட்டு இருக்கிறது. பிணி நோயாகிவிட்டது என்றால் அதன் பக்கத்திலேயே பிணை இருக்கிறது. பிணைத்தல் இன்றும் வழக்கில் உள்ள வினை.

என் முன்மொழிவு: முழு அமைப்புக்கு மரப்பிணை. தனித்தனிக் கம்பிகளுக்கு முன்பிணை, பின்பிணை, பக்கப்பிணை. பக்கத்தில் உச்சிவரை போவது உச்சிப்பிணை, பாதி மரத்தோடு நிற்பது கீழ்ப்பிணை. கம்பி நுழையும் குழாய் பிணைமுனை. தளத்தைத் துளைத்து இறங்கிப் படகின் உடலோடு சேரும் இரும்புக்குப் பிணைவேர் என்று வைக்க ஆசைப்படுகிறேன். வேர் என்றால் கண்ணுக்குத் தெரியாத பகுதி உள்ளே இருக்கிறது என்று படிப்பவருக்கு உடனே தோன்றும். அங்கேதான் ஆபத்தும். தளத்தில் துளையைச் சுற்றிப் பூசிய பசை காலத்தில் விட்டுப்போகும், நீர் இறங்கும், முனைக் குழாயில் நடக்கும் அதே அரிப்பு இங்கும் நடக்கும். திருநெல்வேலி அண்ணன் மண் மட்டத்தில் கண்டதும் இந்த இடத்தைத்தான்.

அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. இழுவைக் கம்பி நல்ல சொல், நானும் சின்ன வயதில் அதில் தொங்கி அடி வாங்கியிருக்கிறேன். என் தயக்கம் ‘கம்பி’ மீது. இப்போது சில படகுகளில் டைனீமா என்ற செயற்கை இழைக் கயிற்றையே எவர்சில்வருக்குப் பதிலாகக் கட்டுகிறார்கள். பந்தயப் படகுகளில் முறுக்கில்லாத ஒற்றைத் தண்டும் உண்டு. பிணை என்றால் எதனால் செய்தது என்ற கேள்வியே எழாது. ஆனாலும் விளக்கம் எழுதும்போது முதல் வரியில் ‘மின்கம்பத்தின் ஸ்டே கம்பி போல’ என்று போடப்போகிறேன். அதைவிடச் சீக்கிரம் புரியவைக்க வேறு வழியில்லை.

டர்ன்பக்கிளையும், அது கழலாமல் பூட்டும் ஸ்ப்ளிட் பின்னையும் அப்படியே விட்டுவிடுகிறேன். கடையில் போய்க் கேட்டு வாங்க வேண்டிய சாமான் அவை.

சொற்களைச் சில வாக்கியங்களில் போட்டுப் பார்த்தேன். பட்டியலுக்கு: ‘ஒவ்வொரு பிணைமுனையையும் துடைத்துப் பூதக்கண்ணாடியால் பார். துருக்கோடு வழிந்திருந்தால் சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடி தெளி. விரிசல் இருந்தால் சிவப்பாகக் கசியும்.’ இறுக்கும்போது: ‘உச்சிப்பிணையில் 2 மீட்டர் நீளத்தை அளந்து குறி. அது 1 மில்லிமீட்டர் நீண்டால் அறுபடும் இழுப்பில் 5 சதவீதம் ஏறியிருக்கிறது. 3 மில்லிமீட்டர், அதாவது 15 சதவீதம் வரை போ.’

கடைசி வாக்கியம் கடலில் கத்த வேண்டியது. பாய்மரம் முறிந்து நீரில் விழுந்தால் ஆபத்து அதோடு முடிவதில்லை. விழுந்த மரத்தைப் பக்கப்பிணைகள் விடாமல் பிடித்திருக்கும், ஒவ்வொரு அலைக்கும் அது படகின் உடலைக் குத்தும். உடனே பெரிய கத்தரியால் வெட்டிவிட வேண்டும். ‘பிணையை வெட்டு!’ காற்றின் இரைச்சலில் இரண்டே சொல், தெளிவாகக் கேட்கும். ‘நிலைவடங்களை வெட்டு’ என்று படகின் பின்பக்கம் நின்று கத்திப் பார்த்தேன். பாதி காற்றோடு போய்விட்டது.

மதுரையிலிருந்து

தம்பி, நிலைவடத்தை நான் விட்டுக்கொடுக்கிறேன். வருத்தமில்லை. ஒதுக்கி வைத்த வரியிலிருந்தே சொல் எழுந்ததில் மகிழ்ச்சி. நீதிமன்றப் பிணையோடு குழம்புமோ என்று முதலில் நினைத்தேன். படகுப் பேச்சில் ஜாமீன் நினைவுக்கு வராது.

ஆனால் ‘மரப்பிணை’ தனியே நின்றால் தச்சர் அதை வேறு மாதிரி படிப்பார். இரண்டு மரத்துண்டுகளைப் பொருத்தும் மூட்டு என்றே அவருக்குத் தோன்றும். அதுவும் பழைய மரப் படகுகளைப் பற்றி எழுதும்போது இரண்டு பொருளும் ஒரே பக்கத்தில் வந்து மோதும். முதல் இடத்தில் ‘பாய்மரப்பிணை’ என்று முழுதாக எழுதுங்கள். பிறகு ‘பிணை’ என்று மட்டும் சுருக்குங்கள். நடுவில் ‘மரப்பிணை’ வேண்டாம்.

பிணைவேர் நன்று. அதில் கை வைக்காதீர்கள்.

கோத்தன்பர்க்கிலிருந்து

ஐயா, தச்சர் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. பட்டியலின் தலைப்பைப் பாய்மரப்பிணை என்று மாற்றிவிட்டேன், மற்ற இடங்களில் பிணை மட்டும். கோடையில் அக்கா மகன் திரும்ப வருகிறான். இந்த முறை பிணைமுனை பதினாறையும் பிணைவேரையும் தனித்தனி வரியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.