ஹோய் ஆன்: நவம்பரில் அம்மாவோடு போகலாமா?

கேள்வி:
வியட்நாமின் ஹோய் ஆனுக்கு நவம்பர் முதல் வாரம் போக நினைக்கிறேன். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது. கூட அம்மா வருகிறார்; முழங்கால் வலி, சுத்த சைவம். ஆற்றங்கரை விளக்குகளைப் பார்க்கணும் என்பது அவர் ஆசை. இரண்டு நாள் போதுமா?

பதில் 1:
டிக்கெட் ஏன் மலிவு என்று யோசித்தீர்களா தம்பி? அக்டோபர், நவம்பரில் அங்கே அடைமழை. தூ போன் ஆறு கரையேறி பழைய தெருக்களுக்குள்ளேயே வந்துவிடும். எந்த வருஷம் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பழைய வீட்டுச் சுவர்களில் குறித்து வைத்திருக்கிறார்கள். சில குறிகள் என் தலைக்கும் மேலே. ஒரு வீட்டில் மாடித் தரையில் திறப்பு விட்டிருந்தார்கள். வெள்ளம் வந்தால் சாமான்களை அதன் வழியாக மேலே ஏற்றிவிடுவார்களாம். ஒரு காலத்தில் இது துறைமுக ஊர்; இந்த ஆற்றில் வண்டல் சேர்ந்து, பெரிய கப்பல்கள் பக்கத்து நகரமான தா நாங் பக்கம் போனதால்தான் ஊர் பெரிதாக மாறாமல் தப்பியது, அது வேறு கதை.

பிப்ரவரி முதல் ஏப்ரலுக்குள் போங்கள். பௌர்ணமிக்கு முந்தைய இரவு பழைய நகரத்தில் மின்விளக்குகளைக் குறைத்து வண்ண விளக்குகளை ஏற்றுவார்கள், நம் காலண்டரைப் பார்த்தே உத்தேசமாக நாள் குறிக்கலாம், ஒரு நாள் முன்பின் இருக்கலாம். கூட்டம் நெரியும், அதனால் அம்மாவை சாயங்காலமே படகில் ஏற்றிவிடுங்கள். ஊர் சமதளம், பழைய தெருக்களில் பெரும்பாலான நேரம் வண்டி வராது. முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை. சாப்பாட்டுக்கு 'சாய்' (Chay) என்று பலகை போட்ட கடையாகப் பாருங்கள், அதுதான் சைவம். மற்ற கடைகளில் காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள்.

பதில் 2:
மீ சன் போகாமல் வராதீர்கள். சுமார் 40 கி.மீ. தூரம்தான். முன்பு அந்தப் பகுதியை ஆண்ட சாம்பா மன்னர்கள் கட்டிய செங்கல் சிவன் கோயில்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிய கோபுரம் போய்விட்டது. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு செய்தபோது 2020இல் ஒரே கல்லாலான லிங்கம் கிடைத்தது. வாசலிலிருந்து பேட்டரி வண்டி உண்டு, அப்புறம் கொஞ்சம் நடக்கணும். காலையிலேயே போய்விடுங்கள், வெயில் தாங்காது.

கேட்டவர்:
சரி, மார்ச் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மா இப்போதே பௌர்ணமி பார்க்கிறார். ஊருக்குள் விமான நிலையம் இல்லையாமே?

பதில் 1:
இல்லை, ரயிலும் கிடையாது. தா நாங்கில் இறங்கி சுமார் 30 கி.மீ. காரில் போகணும். மீ சன்னோடு சேர்த்து மூன்று நாள் வையுங்கள்.