பலாட்டானாவுக்குப் போன டர்பைனும் திதாஸ் ஆற்றுப் படகும்

இங்கே எல்லோரும் பெரிய சரக்கை ட்ரெய்லரில் ஏற்றி மலைப்பாதையில் கொண்டுபோன கதைகளாகவே எழுதியிருக்கிறீர்கள். நான் ஆற்றில் கொண்டுபோனதைச் சொல்கிறேன். சொந்த ஊர் திருவெறும்பூர். ரிக்கிங் சூப்பர்வைசராக, அதாவது கனமான சரக்கைத் தூக்கி நகர்த்தும் வேலையை மேற்பார்வை பார்ப்பவனாக, பல சைட்டுகள் பார்த்தவன். 2011-ல் திரிபுராவில் பலாட்டானா என்ற இடத்தில் 726 மெகாவாட் எரிவாயு மின்நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்குத்தான் போனேன்.

இந்திய வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு நம் நாட்டுக்குள்ளேயே போவதென்றால் சிலிகுரி, குவஹாத்தி என்று சுற்றி 1,600 கிலோமீட்டர். கடைசிப் பகுதி முழுக்க மலை. 300 டன்னை நெருங்கும் ஒரு டர்பைன் அந்த வளைவுகளில் திரும்பவே திரும்பாது, வழியில் உள்ள பாலங்களும் தாங்காது. வங்கதேசம் வழியாக வந்தால் நேர்வழி. 1972-லிருந்தே இரண்டு நாட்டுக்கும் உள்நாட்டு நீர்வழி உடன்பாடு இருக்கிறது. அதனால் சுந்தரவனம், மோங்லா, பரிசால், சாந்த்பூர் என்று போய், மேக்னா ஆற்றில் மேலேறி ஆஷுகஞ்சில் சரக்கை இறக்குவது, அங்கிருந்து சாலையில் அகௌரா எல்லையைக் கடந்து அகர்தலா போவது என்று முடிவானது.

பார்ஜ் என்பது அடி தட்டையான சரக்குப் படகு. அந்த வேலையில் எடை பெரிய பயமே இல்லை. தண்ணீரின் ஆழம்தான் பயம். எங்கள் பார்ஜ் 60 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம். ஒன்பது டன் ஏற்றினால் ஒரு சென்டிமீட்டர் அமிழும். டர்பைனும் அதைத் தாங்கும் ஹைட்ராலிக் ட்ரெய்லரும் சேர்ந்து 400 டன் என்றால் 44 சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை அடி. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் அந்த ஆறுகளில் மணல் திட்டுகள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இடம் மாறும். போன வருடம் கப்பல் போன இடத்தில் இந்த வருடம் ஆடு மேயும். அங்கே அந்த ஒன்றரை அடிதான் தரை தட்டுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும்.

பார்ஜின் முன்முனையில் ஒரு வயதானவர் மூங்கில் கழியோடு உட்கார்ந்திருப்பார். அடையாளத்துக்குக் கழியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பெயின்ட். குத்துவார், இழுப்பார், ஒரு எண்ணைக் கூவுவார். நம் கடலோரத்தில் பாகம் என்று ஆழம் சொல்வது போலவே இருக்கும். பக்கத்திலேயே ஆழம் காட்டும் கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் படகை ஓட்டும் சேராங் இவர் குரலுக்குத்தான் சுக்கானைத் திருப்புவார். இரண்டு நாள் பார்த்த பிறகு நானும் கருவியை விட்டுவிட்டு அவர் குரலையே கவனிக்க ஆரம்பித்தேன். மார்கழிப் பனியில் நாலடி தள்ளி எதுவும் தெரியாது. நங்கூரம் போட்டுவிட்டுக் காத்திருப்போம். ராத்திரியில் சரக்கைக் கட்டியிருக்கும் லேஷிங் செயின்களை நான் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பேன். பனி பட்டு ஐஸ் மாதிரி இருக்கும். செயினை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் ஒன்று கால் சுற்று தளர்ந்திருந்தால்கூட அன்று தூக்கம் வராது.

ஆஷுகஞ்சில் இறக்கியது தனிக் கதை. ட்ரெய்லரின் முதல் ஆக்ஸில் கரையைத் தொட்டதுமே பார்ஜின் அந்த முனை லேசாகி மேலே எழும். உடனே அந்தப் பக்கத்துத் தொட்டிக்குள் பம்ப் வைத்துத் தண்ணீர் நிரப்பியாக வேண்டும். ஆக்ஸில் ஒரு முழம் நகரும், நிற்கும், பம்ப் ஓடும். மறுபடி ஒரு முழம். பார்ஜுக்கும் கரைக்கும் நடுவில் போட்ட இரும்புத் தகட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து கண்ணை எடுக்காமல் நின்றேன். கோடு இரண்டு விரல் உயர்ந்தால் கையைத் தூக்குவேன், எல்லாம் நிற்கும். சில மீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு பகல் முழுக்க ஆனது. கரையில் ஊரே கூடி நின்றது, ஆனால் ஒரு சத்தம் இல்லை.

இதுவரை சொன்னது பெருமையோடு. அடுத்ததைச் சொல்ல மனசு கஷ்டப்படுகிறது.

அகௌரா போகும் வழியில் திதாஸ் ஆறும் சின்னச் சின்னக் கால்வாய்களும் குறுக்கே வரும். அங்கிருந்த பாலங்கள் எங்கள் ட்ரெய்லரைத் தாங்காது. அதனால் பாலத்துக்குப் பக்கத்திலேயே மண்ணும் மூட்டையும் கொட்டி, தண்ணீருக்குக் குழாய் மட்டும் விட்டு, ஆற்றுக்குக் குறுக்கே பாதை போட்டிருந்தார்கள். நாங்கள் அதன் மேல்தான் போனோம். டயர் அழுந்துகிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் நடந்து வந்தேன். அப்போது ஒரு மீனவரும் அவர் பையனும் படகை அந்த மண்மேட்டின் மேல் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கத் தண்ணீருக்குப் போக அவர்களுக்கு வேறு வழி இல்லை. படகின் அடிப்பலகை கல்லில் உரசும் சத்தம் கேட்டது. நான் போய் ஒரு கை கொடுத்தேன். அவர் என் ஹெல்மெட்டைப் பார்த்தார், ட்ரெய்லரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

நாங்கள் ஆற்றின் தோளில் ஏறித்தான் அவ்வளவு தூரம் வந்தோம். இன்னோர் ஆற்றை அடைக்காமல் தற்காலிக இரும்புப் பாலம் போட்டுப் போயிருக்கலாம். செலவும் நாளும் கூடும், தெரியும். கூடட்டும் என்பதுதான் அன்றைக்கும் இன்றைக்கும் என் எண்ணம். அப்புறம் பெரிய எதிர்ப்பு வந்து அந்த மண்பாதைகளை வெட்டி எடுத்தார்கள் என்று கேள்விப்பட்டபோது மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

2013 ஜூனில் முதல் யூனிட்டைக் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி தொடங்கி வைத்தார். 2016 மார்ச்சில் திரிபுராவிலிருந்து வங்கதேசத்தின் கொமில்லாவுக்கு 100 மெகாவாட் மின்சாரம் போக ஆரம்பித்தது. அன்று நான் வேறு சைட்டில் இருந்தேன். செய்தியைப் படித்ததும் அந்தப் பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான். பன்னிரண்டு வயது இருக்கும், படகின் பின்பக்கத்தைத் தோளால் முட்டித் தள்ளிக்கொண்டிருந்தான். கொமில்லாவுக்குப் போன மின்சாரத்தில் கொஞ்சமாவது அவன் வீட்டுக்கும் போயிருக்க வேண்டும்.