எடைமேடை விலானிலிருந்து மெயில் போகவில்லை: 454 ரிலே ஆக்ஸஸ் டினைடு (போஸ்ட்ஃபிக்ஸ், மைக்ரோடிக்)

கேள்வி | புதுவயல்

வணக்கம். அரிசி ஆலை அலுவலகத்தின் நெட்வொர்க்கை மூன்று விலானாக (ஒன்றையொன்று நேரடியாகத் தொடாத தனித்தனி நெட்வொர்க்காக) பிரித்திருக்கிறோம்.

விலான் 10, அலுவலகம், 192.168.10.0/24. டாலி கணினிகளும் ஸ்கேன் வசதியுள்ள ஜெராக்ஸ் மெஷினும் (10.20) இதில். இணையம் இந்தப் பிரிவுக்கு மட்டும்தான்.

விலான் 20, கேட் எடைமேடை, 192.168.20.0/24. ஒரே ஒரு விண்டோஸ் கணினி (20.11). லாரி எடை முடிந்ததும் எடைச் சீட்டை பிடிஎஃப்பாக நெல் வியாபாரிக்கும் காரைக்குடியில் இருக்கும் ஆடிட்டருக்கும் மென்பொருளே மெயிலில் அனுப்ப வேண்டும்.

விலான் 30, சிசிடிவி, 192.168.30.0/24. என்விஆர் (கேமரா படங்களைப் பதிவுசெய்யும் பெட்டி) 30.10.

நடுவில் மைக்ரோடிக் ரவுட்டர். எல்லா விலானிலும் அதன் முகவரி 1 என்று முடியும் (192.168.10.1 போல). மெயில் ரிலேயாக (உள்ளே இருக்கும் மெஷின்களின் மெயிலை வாங்கி வெளியே அனுப்பும் கணினியாக) 192.168.10.5-இல் டெபியன் 12 லினக்ஸ், அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள். அங்கிருந்து கூகுள் வொர்க்ஸ்பேஸ் கணக்கு வழியாக 587-இல் வெளியே போகிறது.

ஜெராக்ஸ் மெஷினிலிருந்து ஸ்கேன் மெயில் ஒழுங்காகப் போகிறது. எடைமேடையிலிருந்து முதலில் இணைப்பே கிடைக்கவில்லை. ஃபயர்வாலில் 25-ஐத் திறந்த பிறகு "454 4.7.1 ரிலே ஆக்ஸஸ் டினைடு" வருகிறது, சில சமயம் அதுவும் வராமல் பத்து விநாடியில் டைம் அவுட். என்விஆரின் சோதனை மெயில் ஒருமுறை போனது, அதன்பின் கியூவில் மலைபோல் தேங்குகிறது.

பேசாமல் விலான் 20-க்கும் 30-க்கும் இணையத்தைத் திறந்துவிடலாமா? மாசி அறுவடை வரத்து தொடங்குவதற்குள் சரிசெய்ய வேண்டும்.

மறுமொழி | காரைக்குடி

இணையத்தைத் திறக்காதீர்கள். என்விஆரும் எடைமேடைக் கணினியும் பாதுகாப்பு அப்டேட் எப்போதாவது வாங்கும் சாமான்கள். அவற்றை வெளியுலகத்திலிருந்து பிரித்து வைக்கத்தானே விலானே போட்டீர்கள். உங்கள் அமைப்பு சரியானது. மூன்று தனித்தனிக் கோளாறுகள் ஒன்றாகத் தெரிகின்றன, அவ்வளவுதான்.

முதலில் எடைமேடைக் கணினியில் பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் 192.168.10.5, போர்ட் 25 என்று கொடுங்கள். தோல்வி என்றால் ஃபயர்வால். வெற்றி என்றால் டெல்நெட்டில் அதே போர்ட்டைத் திறந்து, 220 என்று தொடங்கும் வரவேற்பு வரி வர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஒரு விநாடிக்குள் வந்தாக வேண்டும். பத்து விநாடி ஆகிறதென்றால் டிஎன்எஸ் (பெயரையும் ஐபி முகவரியையும் பொருத்திச் சொல்லும் சேவை) பிரச்சினை; அதைத் தனியாகப் பார்ப்போம்.

இரண்டாவது, ரிலேயின் பதிவு. டெபியன் 12-இல் ஆர்சிஸ்லாக் தானாக நிறுவப்படுவதில்லை, அதனால் வார்-லாக் அடைவில் மெயில்.லாக் கோப்பைத் தேடினால் கிடைக்காது. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் போஸ்ட்ஃபிக்ஸ் வரிகளை வடிகட்டிப் பாருங்கள். எடைமேடையிலிருந்து ஒரு மெயில் அனுப்பி, அந்த நொடியில் "கனெக்ட் ஃப்ரம்" என்று வரும் வரியை அப்படியே இங்கே போடுங்கள். போஸ்ட்ஃபிக்ஸின் அமைப்புக் கோப்பான மெயின்.சிஎஃப்பில் மைநெட்வொர்க்ஸ் (ரிலே நம்பி மெயில் வாங்கும் முகவரிகளின் பட்டியல்) என்ன என்பதும் வேண்டும்.

(அமைப்புப் பெயர்களை ஒலிப்படி எழுதுகிறேன். கோப்பில் ஆங்கிலச் சிறிய எழுத்தில், சொற்களுக்கிடையே அடிக்கோடு போட்டு எழுதவும்.)

கேட்டவர்

போர்ட் சோதனை வெற்றி. 220 வரி வர 10 விநாடி ஆகிறது. பதிவு வரி:

கனெக்ட் ஃப்ரம் அன்நோன்[192.168.10.1]

மைநெட்வொர்க்ஸ் = 127.0.0.0/8 192.168.10.20/32 192.168.20.11/32 192.168.30.10/32

20.11-லிருந்து அனுப்பினால் 10.1 என்று ஏன் காட்டுகிறது? 192.168.10.1-ஐயும் பட்டியலில் சேர்த்தால் வேலை செய்துவிடும்போல் இருக்கிறதே?

மறுமொழி | தேவகோட்டை

அண்ணே, 10.1-ஐ மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வேலை செய்யும், ஆபத்தே அதுதான். ரவுட்டரைத் தாண்டி வரும் எதுவும், எந்த விலானிலிருந்து வந்தாலும், அதே 10.1 முகவரியோடுதான் ரிலேயிடம் வந்து நிற்கும். நாளைக்கு யாராவது வெளியிலிருந்து 25-ஐ ரிலேக்கு போர்ட் ஃபார்வர்டு செய்தால், அதுவும் 10.1 என்றே வரும்; ரிலே எல்லாரையும் வீட்டு ஆள் என்று நம்பி ஸ்பேம் அனுப்பிக்கொடுக்கும். உங்கள் மைநெட்வொர்க்ஸ் பட்டியல் சரி. ரிலேக்குப் போய்ச் சேரும் முகவரிதான் பொய்.

காரணம் மைக்ரோடிக்கில் இருக்கும் மாஸ்கரேட் விதி, அதாவது அனுப்பியவரின் முகவரியை ரவுட்டரின் முகவரியாக மாற்றும் நேட் விதி. ஐபி, ஃபயர்வால், நேட் பக்கத்தைத் திறந்து அந்த விதியைப் பாருங்கள். அவுட் இன்டர்ஃபேஸ் காலியாக இருக்கும். காலியாக இருந்தால் இணையத்துக்குப் போகும் பாக்கெட்டோடு விலானுக்கு விலான் போகும் பாக்கெட்டின் முகவரியையும் அது மாற்றிவிடும். இணைய வயர் செருகியிருக்கும் இன்டர்ஃபேஸை மட்டும் அங்கே கொடுங்கள். அல்லது அவுட் இன்டர்ஃபேஸ் லிஸ்ட்டில் வான் (இணையப் பக்கம்) என்று தேர்ந்தெடுங்கள்.

மாற்றியதும் உடனே பலன் தெரியாது. நேட் விதி புதிய இணைப்புகளுக்குத்தான் பொருந்தும். ஏற்கனவே திறந்திருப்பவை பழைய முகவரியோடே ஓடும். கனெக்‌ஷன்ஸ் பக்கத்தில் 10.5-க்குப் போகும் வரிகளை நீக்குங்கள்.

இன்னொன்று: இதுவரை நேட் மறைத்துவைத்த ஒரு கோளாறு இப்போது வெளியே வரலாம். ரிலேயின் டீஃபால்ட் கேட்வே 192.168.10.1 ஆக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 20.11-க்குப் போகும் பதில் வழி தெரியாமல் நின்று, மறுபடி டைம் அவுட் ஆகும்.

ஃபார்வர்டு விதிகளின் வரிசையும் முக்கியம். எஸ்டாப்ளிஷ்டு, ரிலேட்டடு அனுமதி முதலில், அடுத்து 20.11-லிருந்து 10.5-க்கு டிசிபி 25; அடுத்து 30.10-லிருந்து 10.5-க்கு டிசிபி 25. அதற்குக் கீழேதான் விலான்களுக்கிடையே மறுக்கும் டிராப் விதி. டிராப்புக்குக் கீழே போட்ட அனுமதி இருந்தும் பயனில்லை.

454 பற்றி ஒரு சொல். டெபியன் தரும் அமைப்பில் மறுப்பு "டிஃபர்" வகையாக இருப்பதால் 454 வருகிறது. 4-இல் தொடங்கினால் தற்காலிக மறுப்பு. அனுப்பும் பக்கம் கியூ வைத்திருந்தால் திரும்பத் திரும்ப முயலும். எல்லாம் சரியான பிறகு எஸ்எம்டிபிடி-ரிலே-ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் வரியில் டிஃபர்-அன்ஆத்-டெஸ்டினேஷன் என்பதை ரிஜெக்ட்-அன்ஆத்-டெஸ்டினேஷன் என்று மாற்றினால் 554 என்று நிரந்தரமாக மறுக்கும்.

மறுமொழி | காரைக்குடி

அந்த 10 விநாடிக்கு விடை. யார் இணைந்தாலும் போஸ்ட்ஃபிக்ஸ் அந்த முகவரிக்குப் பெயர் உண்டா என்று டிஎன்எஸ்ஸிடம் தலைகீழாகத் தேடும். 192.168-இல் தொடங்கும் முகவரிக்கு "இல்லை" என்ற பதில்கூடத் தராமல் டிஎன்எஸ் மௌனமாக இருந்தால், லினக்ஸ் 5 விநாடி வீதம் இருமுறை காத்திருக்கும். அதுதான் உங்கள் 10. ஜெராக்ஸ் மெஷின் பொறுமையாகக் காத்திருக்கிறது. எடைமேடை மென்பொருள் பத்து விநாடியில் கையைவிரிக்கிறது.

மெயின்.சிஎஃப்பில் எஸ்எம்டிபிடி-பியர்நேம்-லுக்கப் = நோ என்று போடுங்கள். அதன்பின் பதிவில் எல்லாரும் "அன்நோன்" என்றே வருவார்கள், ஐபி மட்டும் தெரியும். நீங்கள் ஐபியை வைத்துத்தான் அனுமதிக்கிறீர்கள் என்பதால் இழப்பில்லை.

ரிலேயின் டிஎன்எஸ் முகவரியை மாற்றினால் போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். டெபியனில் போஸ்ட்ஃபிக்ஸின் சில பகுதிகள் ஸ்பூல் அடைவைத் தாண்டி எதையும் பார்க்க முடியாத அடைப்புக்குள் ஓடும்; அவை பார்ப்பது ஸ்பூல் அடைவில் இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் நகலை. பழைய நகலே இருந்தால் "நேம் சர்வீஸ் எரர்" என்று வெளியே போகும் மெயிலெல்லாம் நிற்கும்.

மறுமொழி | பள்ளத்தூர்

தம்பி, என்விஆர் பக்கத்தைக் கவனிப்பாரில்லை, அதைச் சொல்கிறேன். அசைவு அலாரம் ஒவ்வொன்றுக்கும் படத்தோடு மெயில் போகிறது, சரிதானே? ஆலை முற்றத்தில் காக்காய் பறந்தாலும் அசைவுதான். வொர்க்ஸ்பேஸ் கணக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 2,000 மெயில் வரம்பு. தாண்டினால் 24 மணி நேரம் வரைக்கும் அந்தக் கணக்கிலிருந்து எதுவும் போகாது. எடைச் சீட்டும் அதே கணக்கில் போவதால் அதுவும் சேர்ந்து நிற்கும்.

என்விஆரிலேயே அசைவு மெயிலை நிறுத்தி, ஹார்டு டிஸ்க் பழுது, வீடியோ இழப்பு இரண்டுக்கு மட்டும் வைப்பது முதல் வேலை. அடுத்து ரிலேயில் தடுப்பு போட வேண்டும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: எஸ்எம்டிபிடி-கிளையன்ட்-மெசேஜ்-ரேட்-லிமிட் என்று எண் கொடுத்தும் எதுவும் நடக்காது. ஏனென்றால் மைநெட்வொர்க்ஸில் இருப்பவர்களுக்கு அந்த வரம்பு இயல்பாகவே விலக்கு. விலக்குப் பட்டியலையும் நாமே எழுத வேண்டும்.

ஆன்வில்-ரேட்-டைம்-யூனிட் = 3600எஸ்
எஸ்எம்டிபிடி-கிளையன்ட்-மெசேஜ்-ரேட்-லிமிட் = 20
எஸ்எம்டிபிடி-கிளையன்ட்-ஈவன்ட்-லிமிட்-எக்செப்ஷன்ஸ் = 127.0.0.0/8 192.168.10.0/24 192.168.20.0/24

இப்போது என்விஆருக்கு மட்டும் மணிக்கு 20. நாள் முழுக்க அடித்தாலும் 480-ஐத் தாண்டாது. முதல் வரியை விட்டுவிட்டால் கணக்கு நிமிடத்துக்கு 20 ஆகிவிடும்.

தேங்கிய கியூவை போஸ்ட்சூப்பரில் "டி ஆல்" என்று ஒரே அடியாக அழிக்காதே. எடைச் சீட்டும் அதில் கிடக்கும். போஸ்ட்கியூ -பி போட்டு, என்விஆர் அனுப்பியவற்றின் எண்ணைப் பார்த்து அவற்றை மட்டும் நீக்கு. மீதி இருக்கும் சீட்டுகள் உடனே போக போஸ்ட்கியூ -எஃப் போடு.

கியூவில் மெயில் 5 நாள் இருக்கும் என்பது இயல்பு அமைப்பு. நாலு நாள் கழித்துப் போகும் எடைச் சீட்டால் வியாபாரிக்கு என்ன பயன்? மேக்ஸிமல்-கியூ-லைஃப்டைம் = 1டி, டிலே-வார்னிங்-டைம் = 1எச் என்று வை. எச்சரிக்கை அனுப்பியவர் முகவரிக்குத்தான் திரும்பும். ஆகவே எடைமேடை மென்பொருளில் ஃப்ரம் முகவரி நிஜமாக யாராவது பார்க்கும் பெட்டியாக இருக்கட்டும். உள்நுழைந்த கணக்கோ அதில் பதிவு செய்த மாற்றுப் பெயரோ அல்லாத முகவரியை ஃப்ரம்மில் வைத்தால் கூகுள் அதைக் கணக்கின் முகவரியாக மாற்றிவிடும்.

இடையில் ஒரு கேள்வி | கானாடுகாத்தான்

பழைய வீட்டை விடுதியாக்கிய இடம். முகப்பில் அலுவலகம், இரண்டாங்கட்டில் சமையல் ஸ்டோர் கணினி. இரண்டும் தனி நெட்வொர்க், நடுவில் ரவுட்டர் இல்லை. ரிலே கணினியில் இரண்டு லேன் கார்டு போட்டு இரண்டிலும் கால் வைக்கலாமா? 587-இல் அனுப்பும்போது "நோ வொர்தி மெக்ஸ் ஃபவுண்ட்" என்றும் வருகிறது.

மறுமொழி | தேவகோட்டை

தாராளமாக வைக்கலாம், நேட் தொல்லையே இருக்காது. ஆனால் டீஃபால்ட் கேட்வே இணையம் உள்ள கார்டில் மட்டும் இருக்க வேண்டும். இரண்டிலும் கொடுத்தால் மெயில் சில நேரம் போகும், சில நேரம் போகாது. கெர்னலில் ஐபி-ஃபார்வர்டு 0 ஆக இருக்கட்டும். 1 ஆக இருந்தால் ரிலே கணினியே ரவுட்டராகி, பிரித்த இரண்டையும் ஒட்டவைத்துவிடும். இனெட்-இன்டர்ஃபேசஸ் வரியில் இரண்டு உள் முகவரிகளையும் 127.0.0.1-ஐயும் எழுதுங்கள். அது லூப்பேக்-ஒன்லி என்று இருந்தால் ஸ்டோர் கணினிக்கு "கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு" வரும்.

"நோ வொர்தி மெக்ஸ்" பிழைக்கு லிப்எஸ்ஏஎஸ்எல்2-மாட்யூல்ஸ் பொதியை நிறுவி போஸ்ட்ஃபிக்ஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். அது இல்லாமல் பாஸ்வேர்டு சொல்லும் முறையே ரிலேக்குத் தெரியாது. அதன் பிறகு 535 வந்தால் பாஸ்வேர்டு தவறு: இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, கூகுள் தரும் 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டைப் போட வேண்டும். பாஸ்வேர்டு கோப்பை மாற்றும் ஒவ்வொரு முறையும் போஸ்ட்மேப் ஓட்டுங்கள், கோப்புக்கு 600 அனுமதி கொடுங்கள். ரிலேஹோஸ்ட் வரியில் சர்வர் பெயரைச் சதுர அடைப்புக்குள் எழுதினால், பாஸ்வேர்டு கோப்பிலும் அதே அடைப்பு, அதே 587 எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஒன்றில் இருந்து மற்றதில் இல்லையென்றால் போஸ்ட்ஃபிக்ஸுக்குப் பாஸ்வேர்டே கிடைக்காது.

கேட்டவர்

மாஸ்கரேட் விதியில் அவுட் இன்டர்ஃபேஸ் காலியாகத்தான் இருந்தது. வான் கொடுத்து, பழைய இணைப்புகளை நீக்கியதும் பதிவில் அன்நோன்[192.168.20.11] என்று வருகிறது. 220 வரி உடனே வருகிறது. சீட்டு போய்ச் சேர்ந்து "ஸ்டேட்டஸ்=சென்ட், 250 2.0.0 ஓகே". என்விஆருக்கு மணிக்கு 20 வரம்பும் பிடிக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

இரண்டு மிச்சம். ஜெராக்ஸ் மெஷினில் எட்டு எம்பி ஸ்கேன் அனுப்பினால் 552 வருகிறது. கேட் அறை அலுவலகத்திலிருந்து சுமார் 140 மீட்டர். கேட்6 வயர் இழுத்திருக்கிறோம், இணைப்பு அவ்வப்போது விழுகிறது.

மறுமொழி | பள்ளத்தூர்

552: போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு வரம்பு 1,02,40,000 பைட். இணைப்பு மெயிலில் ஏறும்போது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பெருகும், ஆகவே ஏழரை எம்பிக்கு மேற்பட்ட கோப்பு போகாது. மெசேஜ்-சைஸ்-லிமிட் = 26214400 என்று வை. அதுதான் 25 எம்பி. ஜிமெயிலில் அனுப்பும் இணைப்புக்கும் வழக்கமான எல்லை 25 எம்பிதான். 300 டிபிஐயில் கலர் ஸ்கேன் எதற்கு? பில்லுக்கு 200, கறுப்பு வெள்ளை போதும்.

வயர்: செம்பு ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் எல்லை. 140 மீட்டருக்கு ஃபைபர் இழுத்து இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வை. தூரம் போக இன்னொரு காரணமும் உண்டு: ஐப்பசி இடி மழையில் திறந்தவெளிச் செம்பு வயர் வழியாக வரும் அதிர்ச்சி சுவிட்ச் போர்ட்டையும் எடைமேடைக் கணினியையும் சேர்த்துச் சாப்பிடும். ஃபைபரில் மின்சாரம் ஓடாது. உள்ளே இரும்புக் கம்பி இல்லாத ரகமாகக் கேட்டு வாங்கு.

மறுமொழி | காரைக்குடி

கடைசியாக ஒன்று. கியூ தேங்கினால் அதைச் சொல்ல மெயில் அனுப்பும் ஸ்கிரிப்ட் எழுதிவிடாதீர்கள்; அந்த மெயிலும் அதே கியூவில்தான் போய் உட்காரும். ஸ்பூலில் டிஃபர்டு (தேங்கிய மெயில் கிடக்கும்) அடைவிலுள்ள கோப்புகளை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் லினக்ஸ் வசதி) எண்ணட்டும். 20-ஐத் தாண்டினால் எல்பி கட்டளை வழியாக அலுவலக ஜெராக்ஸ் மெஷினிலேயே ஒரு தாள் அச்சாகட்டும். இணையம் போனாலும் அது அச்சாகும். கணக்குப்பிள்ளை கண்ணில் படும். ஒருமுறை அச்சடித்ததும் அடையாளக் கோப்பு ஒன்றை வைத்து, கியூ வடியும்வரை மறுபடி அச்சடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காலையில் வரும்போது டிரேயில் தாள் இருக்காது.