கவுன்சில் அதிகாரி வந்த நாள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சவுத்லாந்து, பால் பண்ணை

நியூசிலாந்தில் பண்ணை, கட்டுமானம் என்று வேலை பார்க்கிற நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறோம். பல வேலையிடங்களில் ‘ரிசோர்ஸ் கன்சென்ட்’ என்று ஒரு தாள் இருக்கும். ஆற்றில் தண்ணீர் எடுக்கவோ கழிவை நிலத்தில் விடவோ, 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி வட்டார கவுன்சில் தருகிற அனுமதி அது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் அதைப் படித்ததில்லை. முதலாளி பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன்.

எங்களிடம் 500 கறவை மாடு. கொட்டகை கழுவிய தண்ணீர், சாணம், மூத்திரம் எல்லாம் சேர்த்து மாட்டுக்கு நாளுக்கு 50 லிட்டர் என்று இங்கே கணக்கு வைப்பார்கள். எங்களுக்கு அது தினம் 25,000 லிட்டர். இதைக் குளத்தில் தேக்கிவைத்து, மண் ஈரம் குறைந்த நாளாகப் பார்த்து இர்ரிகேட்டரில் புல்வெளிக்குத் தெளிக்க வேண்டும். கம்பிவடத்தைத் தானே சுருட்டிக்கொண்டு மெதுவாக நகரும் வண்டி அது. நகர்ந்துகொண்டே இருந்தால் புல்லுக்கு நல்ல உரம். நின்றுவிட்டால் மொத்தமும் ஒரே இடத்தில் கொட்டும்.

அன்று செப்டம்பர் மாதம், கன்று போடும் சீசன். பம்பைப் போட்டுவிட்டு, கன்று போட முடியாமல் கிடந்த ஒரு கிடாரியிடம் போனேன். அரை மணியில் திரும்பியிருக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. வந்து பார்த்தால் கம்பிவடம் தளர்ந்து கிடக்கிறது, வண்டி அசையவில்லை. சக்கரத்தைச் சுற்றிக் கணுக்கால் அளவுக்குப் பச்சையும் பழுப்புமாகக் கழிவு. அது சரிவில் ஓடி, வேலிக்கு அடியில் புகுந்து, வாய்க்காலில் விழுந்துகொண்டிருந்தது. வாய்க்கால் முழுக்க நுரை.

பம்பை நிறுத்தினேன். டிராக்டரால் மண்ணை அள்ளிப் போட்டு அடைத்தேன். கூட இருந்தவர், “சாயங்காலம் மழை வரும், அடித்துக்கொண்டு போய்விடும், விடு” என்றார். ஆனால் அந்த வாய்க்காலில்தான் பக்கத்துப் பண்ணைக் கன்றுகள் தண்ணீர் குடிக்கும். அவற்றைத் தினமும் பார்க்கிறேன். கவுன்சிலின் 24 மணி நேர எண்ணுக்கு நானே போன் செய்தேன். என் விசா இந்த வேலையோடு கட்டப்பட்டது. கை நடுங்கியது உண்மை.

ஒன்றரை மணி நேரத்தில் ஒரு பெண் அதிகாரி வந்தார். கேட்டிலேயே பூட்ஸைக் கிருமிநாசினியில் கழுவினார். பண்ணைக்குப் பண்ணை மாட்டு நோய் பரவாமல் இருக்க. “பதில் சொல்ல உங்களுக்குக் கட்டாயமில்லை, வக்கீலிடம் பேசலாம்” என்று முதலில் வாசித்துக் காட்டினார். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கிவிட்டது. கைது செய்யப்போகிறார்கள் என்றே நினைத்தேன். அது எல்லோரிடமும் சொல்கிற முறை, நம் பாதுகாப்புக்குத்தான் என்று பிறகு புரிந்தது.

நீளக் கம்பில் பாட்டிலை மாட்டி, வாய்க்காலின் கீழ்ப்பக்கம் ஒன்று, கழிவு விழுந்த இடத்தில் ஒன்று, மேல்பக்கம் ஒன்று என்று எடுத்தார். கீழிருந்து மேலே போனால்தான் கலங்கல் மாதிரியில் கலக்காது. மூடி, முத்திரை, கையெழுத்து, நேரம், ஐஸ் பெட்டி. எல்லாம் முடிந்தபின் பம்ப் பதிவேட்டைக் கேட்டார். இரண்டு வாரமாக ஒரு வரி எழுதவில்லை. வெற்றுப் பக்கத்தைப் புரட்டிக் காட்டிய நிமிடம்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

பண்ணைக்கு அபேட்மென்ட் நோட்டீஸ் வந்தது, அதாவது மீறலை நிறுத்தச் சொல்லும் உத்தரவு. அபராதம் அப்போது 750 டாலர். திரும்ப வந்து பார்த்த செலவும் பண்ணைக்குத்தான், சட்டத்தில் அப்படி இருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை என்பதால் மட்டும் குற்றம் இல்லாமல் போவதில்லை. நாமே சொன்னதையும் உடனே அடைத்ததையும் கணக்கில் எடுத்ததால் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று அதிகாரி முதலாளியிடம் சொன்னாராம். வண்டி நின்றால் பம்பும் தானாக நிற்கிற கருவியை அடுத்த மாதமே பொருத்தினோம். என் வேலையும் போகவில்லை.

கேன்டர்பரி, பாசனப் பண்ணை

எங்களுக்குத் தண்ணீர் மீட்டர்தான். விநாடிக்கு 20 லிட்டரோ அதற்கு மேலோ எடுக்கிறவர்கள் 2022 செப்டம்பரிலிருந்து 15 நிமிடக் கணக்கைத் தினமும் தானாகக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும். சென்சார் பேட்டரி தீர்ந்து இரண்டு நாள் கணக்கு போகவில்லை, போன் வந்துவிட்டது. உதிரி பேட்டரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மனவத்து, கவுன்சிலின் முன்னாள் ஆற்றுநீர் மாதிரி சேகரிப்பாளர்

அண்ணா, நான் மூன்று வருடம் கவுன்சில் பக்கம் நின்றவள். விதிமீறலைப் பார்க்கிற பிரிவு வேறு, நாங்கள் ஆற்றின் உடம்பைப் பார்க்கிற பிரிவு. மாதம் ஒரு முறை, ஒரே இடங்கள், மழையோ பனியோ தேதி மாறாது. நல்ல நாளாகப் பார்த்து எடுத்தால் ஆறு எப்போதும் நன்றாக இருப்பதாகத்தானே தெரியும்?

எனக்குப் பிடித்த வேலை கறுப்பு வட்டு. 20 சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்பு வட்டு ஒன்றைத் தண்ணீருக்குள் நிறுத்திவிட்டு, கண்ணாடி பொருத்திய குழாய் வழியாக நீருக்கடியில் அதைப் பார்த்தபடியே பின்னால் நடக்க வேண்டும். அது கண்ணுக்கு மறைகிற தூரம்தான் ஆற்றின் தெளிவு. ஒரே இடத்தில் கோடையில் நாலு மீட்டர் நடந்திருக்கிறேன், மழைக்கு அடுத்த நாள் கையெட்டும் தூரத்துக்குள்ளேயே மறைந்திருக்கிறது.

வருடம் ஒரு தடவை வலையைப் பிடித்து, கூழாங்கல்லைக் காலால் கிளறிப் பூச்சி எடுப்போம். தண்ணீர் பாட்டில் அந்த நிமிடத்தை மட்டும் சொல்லும். கல்லுக்கடியில் மேஃப்ளை என்கிற பூச்சியின் குஞ்சு இருந்தால் பல மாதமாகத் தண்ணீர் நன்றாக இருந்தது என்று அர்த்தம். நத்தையும் புழுவும் மட்டும் இருந்தால் அதுவும் ஒரு செய்திதான். பாலத்துக்குப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் முதல் வருடம் என்னிடம் முகம் கொடுக்கவில்லை. ஒரு நாள் வெள்ளைத் தட்டில் மேஃப்ளையைப் போட்டு, மூன்று வால் அசைவதைக் காட்டினேன். அடுத்த முறை பேரப்பிள்ளைகளை அழைத்து வந்துவிட்டார்.

ஆக்லாந்து, மனைப்பிரிவு வேலை

எங்கள் கன்சென்ட் மண் வெட்டுவதற்கு. மழையில் சேறு ஓடாமல் தடுக்கிற துணி வேலிக்கு ‘சில்ட் ஃபென்ஸ்’ என்று பெயர். அந்தத் துணியின் அடி ஓரத்தை மண்ணில் புதைக்க வேண்டும். அவசரத்தில் சில இடங்களில் புதைக்காமல் விட்டிருந்தோம். அதிகாரி வந்தபோது வெயில்தான். குனிந்து துணியை விரலால் தூக்கினார், சுலபமாக மேலே வந்தது. ஒன்றும் பேசாமல் படம் எடுத்தார். அன்று மாலையே பள்ளம் தோண்டி எல்லாவற்றையும் புதைத்தோம். மூன்றாம் நாள் கொட்டிய மழையில் துணிக்குப் பின்னால் முழங்கால் உயரத்துக்குச் சேறு நின்றது. அந்த அதிகாரி வராமல் இருந்திருந்தால் அது முழுக்கக் கீழே இருக்கிற கழிமுகத்தில் படிந்திருக்கும். அவருக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் அனுப்பினேன்.

சவுத்லாந்து, மீண்டும்

தங்கச்சி சொன்ன பூச்சி விஷயம் எனக்குப் புதிது. எங்கள் வாய்க்காலில் கல்லைப் புரட்டிப் பார்க்கிறேன்.

பதிவேடு எப்படி எழுதுவது என்று தனியாகக் கேட்ட தம்பிக்கு: தேதி, பம்ப் போட்ட நேரம், நிறுத்திய நேரம், எந்தப் பேடாக் (வேலி போட்ட புல்வெளி), மண் எப்படி இருந்தது, வண்டியைப் போய்ப் பார்த்த நேரம். ஆறு கட்டம் போதும். கன்சென்ட் நகலோடு அதையும் பம்ப் கொட்டகைச் சுவரில் பிளாஸ்டிக் உறையில் தொங்கவிட்டிருக்கிறேன், பேனாவைக் கயிற்றில் கட்டியிருக்கிறேன். மழை நாளில் பம்ப் போடாவிட்டால் ‘போடவில்லை, மண் ஈரம்’ என்று அதையும் எழுதுங்கள்.